மேடையை விட்டு இறங்கின மனுசன்

1933 மார்ச் 7. ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகர ஒபேரா அரங்கில அண்டைக்கு இரவு வேர்டியின் 'ரிகோலெட்டோ'. ஃபிரிட்ஸ் புஷ் வாத்தியக் குழுவுக்கு முன்னால வந்து நிக்கிறார். 1922இல இருந்து அவர் நிக்கிற இடம்தான் அது. கைதட்டல் வரவேண்டிய நேரத்தில கூச்சல் வருது. கதிரைகளில நிறைஞ்சிருந்தது ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படை. "புஷ் வெளியேறு!" எண்டு கத்தினார்கள். கொஞ்ச நேரம் நிண்டு பாத்தவர், பேந்து இறங்கிப் போய்விட்டார். உதவி நடத்துநர் ஒருவர் வந்து அவரின் இடத்தில ஏறினார். ரிகோலெட்டோ நடந்து முடிந்தது.

எனக்கு இந்தக் கதையில முதலில உறைச்சது அந்தக் கடைசி வசனம்தான். நிகழ்ச்சி நிக்கேல்லை. வாத்தியக்காரர் வாசித்தார்கள், பாடகர்கள் பாடினார்கள், திரை விழுந்தது.

கொண்டக்டர் எண்டால் எங்களில கனபேருக்கு முதலில ஞாபகம் வாறது பஸ்தான். ஒபேராவில கொண்டக்டர் எண்டது வேற ஆள். மேடையில பாடுறவர்களையும் கீழ குழிக்குள்ள இருந்து வாசிக்கிற அறுபது எழுபது பேரையும் ஒரே மூச்சில வைச்சிருக்கிறவர் அவர். ஆனா அவரிட்ட இருந்து ஒரு சத்தமும் வராது. மற்றவர்கள் அவரின் கையைப் பாத்து வாசிக்காட்டில் அவர் வெறும் கையை ஆட்டுற ஆள்தான். இதை ஞாபகத்தில வைச்சுக்கொண்டு அந்த இரவைத் திருப்பி யோசிச்சுப் பாருங்கோ.

புஷ் 1890இல ஸீகன் எண்ட ஊரில பிறந்தவர். தகப்பன் வயலின் செய்கிற தொழிலாளி. வசதியான குடும்பம் இல்லை. சின்ன வயதிலயே அவரும் தம்பி அடோல்ஃபும் தகப்பனோட சேர்ந்து நடன விருந்துகளில வாசிச்சு வளர்ந்தவர்கள். அடோல்ஃப் பிறகு உலகறிந்த வயலின் கலைஞர் ஆனார். ஃபிரிட்ஸ் கொலோனில படித்து, ரீகாவிலும் ஆகனிலும் வேலை செய்து, முதலாம் உலகப்போருக்குப் போய்த் திரும்பி, 1918இல ஷ்டுட்கார்ட் ஒபேராவுக்குப் பொறுப்பானார். 1922இல ட்ரெஸ்டன். அப்ப அவருக்கு 32 வயது.

ட்ரெஸ்டன் சின்ன இடமில்லை. வாக்னர் வேலை செய்த நகரம், ரிச்சர்ட் ஷ்ட்ரௌஸின் பெரிய ஒபேராக்கள் முதன்முதலில மேடை ஏறின அரங்கு. பழம்பெருமையை வைச்சே காலத்தை ஓட்டக்கூடிய இடம். புஷ் அப்பிடி ஓட்டேல்லை. 1924இல ஷ்ட்ரௌஸின் 'இன்டர்மெட்சோ', 1925இல புசோனியின் 'டாக்டர் ஃபௌஸ்ட்', 1926இல குர்ட் வைலின் 'புரொட்டகொனிஸ்ட்', அதே வருசம் ஹிண்டமித்தின் 'கார்டியாக்'. எல்லாம் முதல் அரங்கேற்றங்கள். வைல் அப்ப 26 வயது யூத இளைஞர். மேடை ஏறின அவரின் முதல் ஒபேரா அது. புச்சினியின் 'டூரண்டொட்' ஜேர்மனியில முதன்முதலில கேட்டதும் புஷ்ஷின் ட்ரெஸ்டனிலதான். வேர்டியை லேசான இத்தாலியச் சரக்கு எண்டு ஒதுக்கி வைச்சிருந்த ஜேர்மன் ரசிகர்களை அவரைத் திருப்பிக் கேக்க வைச்சதில புஷ்ஷுக்குப் பெரிய பங்கு இருக்கு.

அப்ப ஏன் துரத்தினார்கள்? இங்கதான் கதை எங்களுக்குப் பழக்கமான நாஸிக் கதைகளில இருந்து விலகுது. புஷ் யூதர் இல்லை. கம்யூனிஸ்ட் இல்லை. போரில நாட்டுக்காகப் போனவர். வாக்னரின் பைரொய்ட் விழாவிலேயே 1924இல நடத்தினவர். நாஸிகள் கனவு கண்ட 'அசல் ஜேர்மன் கலைஞன்' எண்ட சட்டத்துக்குள்ள அச்சாப் பொருந்தக்கூடிய ஆள்.

அவர் மேல வைச்ச குற்றச்சாட்டுகளைப் பாத்தால் சிரிப்பு வரும். சம்பளம் கூட எடுக்கிறார். வெளியூரில நடத்தப் போக அதிகமா லீவு எடுக்கிறார். யூதர்களோட பழகுகிறார். யூதருக்கும் வெளிநாட்டுப் பாடகர்களுக்கும் இடம் கொடுக்கிறார். சம்பளம், லீவு, சிநேகிதர். ஏதோ ஒரு கந்தோரில பிடிக்காத ஒருவருக்கு எதிரா எழுதுற பெட்டிசம் மாதிரி. உண்மையான காரணம் வேற. அரங்கத்துக்கான காசை வெட்ட வெளிக்கிட்டபோது அதைப் பகிரங்கமா எதிர்த்தவர் அவர். நாஸிகளைப் பற்றின தன்ர அபிப்பிராயத்தை ஒளிச்சு வைக்காதவர். அதிகாரம் கைக்கு வந்தவுடன, அந்தப் பழைய கணக்கைத் தீர்க்க அவர்களுக்கு ஒரு கிழமை கூடத் தேவைப்படேல்லை. மார்ச் 5 தேர்தல், மார்ச் 7 ரிகோலெட்டோ. அதே நாட்களில ட்ரெஸ்டன் தெருவில புத்தகங்களையும் எரிச்சார்கள்.

அரங்கத்தின் பொது நிர்வாகி அல்ஃபிரட் ரொய்க்கரும் சேர்த்து நீக்கப்பட்டார். இன்னொரு விசயமும் நடந்தது. புஷ்ஷோட வருசக்கணக்கா வேலை செய்த பாடகர்களில பலர் அவருக்கு எதிரான அறிக்கை ஒண்டில கையெழுத்து வைச்சார்கள். பழுப்புச் சட்டைக்காரர் கத்தினதை விட எனக்கு இதுதான் கூட நோகுது. கத்தினவர்களுக்கு அவரைத் தெரியாது. கையெழுத்து வைச்சவர்களுக்குத் தெரியும். ஒத்திகையில ஒரு சுரம் பிசகினால் ஆர் பக்கம் திரும்புவார், எந்த இடத்தில மூச்சு விட நேரம் தருவார் எண்டதெல்லாம் தெரிஞ்சவர்கள்.

இனி, 'வீரனின் கதை' எழுதுறவர்கள் வழமையாத் தாண்டிப் போற பகுதி. புஷ் அடுத்த நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போகேல்லை. பெர்லினுக்குப் போனார். ஹிட்லருக்கு அடுத்த நிலையில இருந்த கோரிங், புஷ்ஷைத் தன்ர பக்கம் எடுத்துக்கொள்ள விரும்பினவர். சந்திப்புகள் நடந்தன, பதவிகள் பற்றிப் பேச்சு நடந்தது. அந்தக் கிழமைகளில புஷ் ஜேர்மனியில தனக்கு இன்னும் ஒரு இடம் கிடைக்கலாம் எண்டு நம்பினார் எண்டதை மறைக்கத் தேவையில்லை. அது ஒரு மனுசனின் தடுமாற்றம். 43 வயது, மனைவி பிள்ளைகள், தெரிந்த ஒரே தொழில், அந்தத் தொழிலின் தலைநகரம் எண்டு சொல்லக்கூடிய நாடு.

தம்பி அடோல்ஃப் இந்த விசயத்தில வேற மாதிரி. அவர் அப்ப சுவிற்சர்லாந்தில பாஸல் நகரில இருந்தவர். 1933 ஏப்ரல் 1, யூதக் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி நாஸிகள் தெருவில நிண்ட நாள். அதைப் பாத்த உடன ஜேர்மனியில இருந்த தன்ர கச்சேரிகள் எல்லாத்தையும் ரத்துச் செய்தார். அவரும் யூதர் இல்லை. அவரோட பியானோ வாசித்த ருடொல்ஃப் செர்கின் யூதர்; பிறகு மருமகனும் ஆனவர். அடோல்ஃபுக்கு முடிவெடுக்க ஒரு நாள் போதுமா இருந்தது. ஃபிரிட்ஸுக்குச் சில மாதங்கள் எடுத்தது.

ஆனா ஃபிரிட்ஸுக்கு எங்க கோடு கிழிக்கிறது எண்டு தெரியும். அந்த வருசக் கோடையில பைரொய்ட் விழாவில நடத்த இருந்தவர் இத்தாலியரான அர்துரோ டொஸ்கனினி. யூத இசைக்கலைஞர்களுக்கு நடக்கிறதைக் கண்டு அவர் வர மறுத்துவிட்டார். உலகத்தின் கண் முழுக்க பைரொய்ட்டில. அந்த வெற்றிடத்தை நிரப்ப புஷ்ஷைக் கேட்டார்கள். வேலை இல்லாமல் நிண்ட, துரத்தப்பட்டு அவமானப்பட்ட ஒரு ஆளுக்கு, ஜேர்மன் ஒபேராவின் மிகப் பெரிய கௌரவம் தட்டில வைச்சு நீட்டப்படுது. ஓம் எண்டிருந்தால் மார்ச் 7 ஒரு 'தவறான புரிதல்' ஆகிப் போயிருக்கும். அவர் இல்லை எண்டார். டொஸ்கனினி விட்டுப் போன 'பார்சிஃபால்' ஒபேராவை நடத்தினவர் ரிச்சர்ட் ஷ்ட்ரௌஸ்.

அதே ஷ்ட்ரௌஸின் புது ஒபேரா 'அரபெல்லா'. அதை அவர் காணிக்கையாக்கினதே இரண்டு சிநேகிதர்களுக்கு: அல்ஃபிரட் ரொய்க்கர், ஃபிரிட்ஸ் புஷ். ட்ரெஸ்டனில புஷ்தான் நடத்தியிருக்க வேணும். இரண்டு பேரையும் துரத்தின பிறகு ஷ்ட்ரௌஸ் படைப்பைத் திருப்பி எடுக்கப் பாத்தார், கடைசியில விட்டுக்கொடுத்தார். 1933 ஜூலை 1, அதே அரங்கில, கிளெமென்ஸ் கிரௌஸ் நடத்த, 'அரபெல்லா' அரங்கேறியது. இசைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில துரத்தப்பட்ட இருவரின் பெயர். உள்ளே எல்லாரும் சந்தோசமாக் கைதட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அப்ப புஷ் தென் அமெரிக்காவில, புவெனொஸ் அயர்ஸின் கொலோன் அரங்கில ஒபேரா நடத்திக்கொண்டு இருந்தார். பிறகு கொபன்ஹேகன் வானொலி இசைக்குழு, ஸ்டொக்ஹோம். 1936இல ஆர்ஜென்டீனக் குடியுரிமை எடுத்தார்.

இதுக்கிடையில இங்கிலாந்தில ஒரு விசித்திரம். சசெக்ஸ் கிராமப்புறத்தில ஜோன் கிறிஸ்டி எண்ட பணக்காரர், தன்ர கிளைண்ட்போர்ன் வீட்டுக்குப் பக்கத்தில 300 பேர் அளவில இருக்கக்கூடிய ஒரு ஒபேரா அரங்கைக் கட்டினார். மனைவி ஓட்ரி மில்ட்மே ஒரு பாடகி. சுத்திவர வயலும் ஆடும். லண்டனில இருந்து ரயிலில வரவேணும். அதை நடத்த புஷ்ஷைக் கூப்பிட்டார்கள். புஷ் தன்னோட கார்ல் ஏபெர்ட்டைக் கூட்டிக்கொண்டு போனார். ஏபெர்ட் பெர்லின் நகர ஒபேராவை நடத்தினவர். அவரும் யூதர் இல்லை, அவரும் 1933இல நாட்டை விட்டுப் போனவர். நிர்வாகத்துக்கு வியன்னாவில பிறந்த ருடொல்ஃப் பிங் வந்தார். பிறகு நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒபேராவை இருபது வருசத்துக்கு மேல நடத்தப்போறவர்.

1934 மே 28, மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' உடன அந்த அரங்கு திறந்தது. புஷ்ஷும் ஏபெர்ட்டும் கேட்டது இரண்டு விசயம்: கலை முடிவுகள் தங்கட கையில இருக்கவேணும், ஒத்திகைக்குப் போதிய நேரம் வேணும். பெரிய நட்சத்திரப் பாடகர் வந்து இரண்டு நாளில பாடிப்போட்டுப் போற வழக்கம் அங்க இல்லை. எல்லாரும் ஒண்டா இருந்து, சாப்பிட்டு, கிழமைக்கணக்கா ஒத்திகை பாத்து, ஒராள் பாடேக்க மற்றவர் உண்மையாவே அதைக் கேட்டுக்கொண்டு நடிக்கிற மாதிரிச் செய்தார்கள். இண்டைக்கு இதைக் கேக்க ஒண்டும் பெரிசாத் தெரியாது. அந்தக் காலத்து இங்கிலாந்துக்கு அது புதுசு. 1934க்கும் 1936க்கும் இடையில 'ஃபிகாரோ', 'கொஸி ஃபான் டுட்டே', 'டொன் ஜொவானி' மூண்டையும் ஒலிப்பதிவு செய்தார்கள். தொண்ணூறு வருசத்துக்குப் பிறகும் அவை விற்பனையில இருக்கு, யூடியூபிலும் கிடைக்குது. பழைய தட்டின் கரகரப்புக்குள்ளால அந்த வேகத்தையும் குறும்பையும் கேட்டுப் பாருங்கோ. 1938இல வேர்டியின் 'மக்பெத்' இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில முதன்முதலில ஏறினதும் அந்தக் கிராமத்து அரங்கிலதான்.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வாறன்.

நாஸி ஜேர்மனியில தங்கின பெரிய கலைஞர்களைப் பற்றிக் கதைக்கேக்க எப்பவும் ஒரு வாதம் வரும். 'கலை வேற, அரசியல் வேற. அவர் போயிருந்தால் அந்த இசையை ஆர் காப்பாத்தியிருப்பார்?' இந்த வாதத்தின் பெரிய அடையாளம் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்க்ளர். அவர் நாஸிக் கட்சியில சேராதவர். யூதக் கலைஞர்களுக்காகக் குரல் கொடுத்தவர், 1934இல ஹிண்டமித்துக்காக எழுதிப் பதவிகளை விட்டவர். இதெல்லாம் உண்மை. அடுத்த வருசமே திரும்பி மேடைக்கு வந்தவர் எண்டதும் உண்மை. 1942இல ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முதல்நாள் பெர்லினில பேதோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தி, முடிவில கொயபெல்ஸ் வந்து கை குடுக்கிற காட்சி படமாவே இருக்கு. எல்லா மனுசரும் சகோதரர் எண்டு பாடுற இசை அது.

இன்னொருவர் கார்ல் பேம். புஷ்ஷைத் துரத்தின ட்ரெஸ்டன் கதிரையில 1934இல வந்து இருந்தவர் அவர்தான். 1943இல வியன்னா அரச ஒபேரா அவருக்குக் கிடைத்தது. போர் முடிய இரண்டு வருசம் மேடைத் தடை. பிறகு 1981இல சாகுமட்டும் பட்டங்களும் பதக்கங்களும் ஒலிப்பதிவுகளும். பேம் அருமையான நடத்துநர், அதில எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா அவரின் கதையில இருந்து ஒண்டு விளங்குது. தங்கிறது ஒரு தியாகம் எண்டு சொல்லப்பட்டது, அது ஒரு பதவி உயர்வாவும் இருந்தது. ஒவ்வொரு ஆள் துரத்தப்படேக்கயும் ஒரு கதிரை காலியாகும்.

கிளைண்ட்போர்ன் இந்த 'ஆர் காப்பாத்துவார்' வாதத்துக்கு நேரான பதில் எண்டு நினைக்கிறன். மோட்சார்ட்டைக் காப்பாத்த பெர்லின் தேவைப்படேல்லை. அரச மானியமோ தங்கப்பூச்சு அரங்கோ தேவைப்படேல்லை. வயலுக்கு நடுவில 300 கதிரையும், கிழமைக்கணக்கான ஒத்திகையும், ஒருவரை ஒருவர் நம்பிற ஆக்களும் போதுமா இருந்தது. கலை நாட்டுக்குள்ளதான் இருக்கு, அதால அதைப் பாக்க நான் இருந்தே ஆகவேணும் எண்டவர்கள், கலையைத் தங்கட கதிரையோட சேர்த்துக் குழப்பிப்போட்டார்கள்.

இதுக்கு ஒரு எதிர்க்கேள்வி வரும், அது நியாயமானதும் கூட. புஷ்ஷுக்குப் பேர் இருந்தது, புவெனொஸ் அயர்ஸில இருந்து அழைப்பு வந்தது. ட்ரெஸ்டன் வாத்தியக் குழுவில இரண்டாம் வரிசையில வயலின் வாசித்த மனுசன் எங்க போறது? அவருக்கு ஆர் விசா குடுப்பினம்? பின்பாட்டுக் குழுவில பாடின பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்த நாட்டுக்குப் போறது? சரிதான். அதால நான் அந்த வயலின்காரரை இண்டைக்கு இருந்து நியாயம் தீர்க்க மாட்டன். ஆனா இதே கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கோ. வெளியேற வழியே இல்லாதவர்கள் வாயைத் திறக்கேல்லை. உலகத்தில எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கக்கூடிய பெரிய பெயர்கள்தான், தங்களுக்கு வேற வழி இருக்கேல்லை எண்டு பிறகு பக்கம் பக்கமா விளக்கம் சொன்னார்கள். தங்கினாரா போனாரா எண்டதோட கணக்கு முடியாது. அவருக்கு எவ்வளவு தெரிவு இருந்தது, அந்தத் தெரிவை வைச்சு என்ன செய்தார் எண்டு கேக்கவேணும். யூதக் கலைஞர்களுக்குத் தெரிவே இருக்கேல்லை. புஷ்ஷுக்கு இருந்தது. அவரின் கதை முக்கியமாகிறது அங்கதான்.

அவர் பிசகே இல்லாத ஆளா இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பிடிச்சிருக்காது. பெர்லினில கதவுகளைத் தட்டிப் பாத்தவர், நம்பிப் பாத்தவர். ஆனா விலை என்ன எண்டு தெளிவாத் தெரிஞ்ச நேரத்தில வேண்டாம் எண்டார். நேர்மை எண்டது ஒரு இரவில மேடையை விட்டு இறங்கிற பெரிய காட்சி எண்டு நினைக்கிறம். உண்மையில அது பிறகு வாற சின்னச் சின்ன மறுப்புகளில இருக்கு. மேடையை விட்டு இறங்க அவரைக் கத்திக் கத்தி வற்புறுத்தினார்கள். பைரொய்ட்டுக்கு ஏறாமல் விட்டது அவரே எடுத்த முடிவு.

அந்த முடிவுக்கு விலையும் குடுத்தார். 1933க்குப் பிறகு அவருக்கெண்டு ஒரு வீடு மாதிரியான அரங்கு நிரந்தரமா அமையேல்லை. கிளைண்ட்போர்ன் வருசத்தில சில கிழமைதான். போர் வந்ததும் அதுவும் நிண்டது. கொபன்ஹேகன், புவெனொஸ் அயர்ஸ், 1945இல இருந்து சில வருசம் நியூயோர்க். 1950இல திரும்பக் கிளைண்ட்போர்ன். 1951இல, 18 வருசத்துக்குப் பிறகு, கொலோனிலும் ஹம்பர்க்கிலும் மேடை ஏறினார். அதே வருசம் செப்டெம்பர் 14 லண்டனில செத்துப்போனார். வயது 61. ட்ரெஸ்டனில திரும்ப ஒருக்காலும் நடத்தேல்லை. அவர் நடத்தின அரங்கு 1945 பெப்ரவரி 13 குண்டுவீச்சில எரிந்தது. சரியா 40 வருசத்துக்குப் பிறகு அதே திகதியில திரும்பக் கட்டித் திறந்தார்கள்.

தங்கினவர்களுக்குப் பிறகு நல்ல ஒலிப்பதிவுக் காலம் வந்தது. ஸ்டீரியோ வந்தது, பெரிய கொம்பனிகள் வந்தன. அதால இண்டைக்கு 'உலகின் தலைசிறந்த நடத்துநர்கள்' எண்டு தேடினால் ஃபுர்ட்வெங்க்ளர், கரயான், பேம் எண்டுதான் வரும். புஷ்ஷின் பேர் கன கீழ கிடக்கும், இல்லாட்டி வரவே வராது. இதுவும் அந்த மார்ச் 7இன் தொடர்ச்சிதான்.

ஃபுர்ட்வெங்க்ளரைக் கேக்க வேண்டாம் எண்டு நான் சொல்ல மாட்டன். நானும் கேக்கிறன். அந்த இசை என்னையும் உலுக்குது. ஆனா 'நாங்கள் இசையை மட்டும்தான் கேக்கிறம்' எண்டு சொல்லேக்க, அண்டைக்கு ட்ரெஸ்டனில ரிகோலெட்டோவைக் கடைசிமட்டும் இருந்து கேட்ட சனமும் இதைத்தான் சொல்லியிருக்கும் எண்டதையும் ஒருக்கா யோசிக்கலாம். புஷ்ஷின் 'ஃபிகாரோ'வைத் தேடிக் கேளுங்கோ. அச்சாவா இருக்கும்.